வெள்ளிக்கிழமை நடுக்கங்கள்

அந்தப் பை அலுமாரிக்கு மேலே ஏறிய நாளை ஹிமாயா மறக்கமாட்டாள். இருபது வருடமாக அது வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கறுப்பு ரெக்சின் பை. உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாருடைய அடையாள அட்டைகள், ஒரு டோர்ச், உம்மா றாபியாவின் கலியாணப் படம். அவளுடைய வாப்பா அப்துல் ஸமட் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார். படுக்கப் போகும்போது செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார். கடல் ஒருதரம் ஆளைக் கேட்காமல் வீட்டுக்குள் வந்துபோன ஊரில் இதைப் பைத்தியம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் கல்முனைக்குடியில் இவ்வளவு காலம் விடாமல் பை கட்டி வைத்தவர் அவர் ஒருவர்தான்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. இறக்காமத்துப் பாறையில் நிரந்தர நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்றை அமைப்பது பற்றி ஆராய, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை குழுவொன்று நேரில் வரும் என்று அதில் இருந்தது. ஹிமாயா அதை வாப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

"அப்ப இனி நம்மட கரைக்கும் ஒரு மிசின், என்ன மகள்?"

"ஓம் வாப்பா, இன்ஷா அல்லாஹ்."

அவர் எழுந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, பையை அலுமாரிக்கு மேலே வைத்தார். வைப்பதற்கு முன் ஹிமாயா சிரித்துக்கொண்டே தன் அடையாள அட்டையை உருவி எடுத்தாள்.

"இது என்ட கைப்பையில கிடக்கட்டும் வாப்பா. பேங்குக்குப் போறண்டாலும் இந்தப் பையைத் தேடி ஓட வேண்டிக் கிடக்கு."

அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டு வெகுகாலம்.

ஹிமாயாவுக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. கணவர் றாஸிக் கட்டாரில் வேலை. அவள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். 'தற்காலிக' என்ற சொல் ஏழு வருடமாக அவள் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக நிற்கிறது. படித்தது பூமியின் நடுக்கங்களையும் அதன் வயிற்றையும். ஏன் அதைப் படித்தாள் என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. சுனாமி வந்த அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. மெயின் றோட்டுக்கு மேற்கே ரியூஷன் வகுப்பில் இருந்தாள். வாப்பா இறக்காமத்து வயலில் நின்றார். உம்மா கடற்கரைப் பக்கத்து வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். துருவலை கிடைத்தது. உம்மா கிடைக்கவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். சுமாத்திராவில் நிலம் உடைந்தால் அந்த அதிர்வு பூமிக்குள்ளால் ஓடி இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர மூன்றரை நிமிடம். கடல் அலை வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். ஹிமாயா அந்த இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதிவிட்டு வகுப்பை விட்டு வெளியே போனாள். சேதி காலின் கீழேயே வந்து நின்றிருக்கிறது. அதை வாங்கி வாசிக்க இந்தக் கரையில் ஒரு கருவி இல்லை. தேங்காய் துருவுகிறவளை எழுப்பி மேற்கே நடக்க வைக்க ஒன்றரை மணித்தியாலம் தாராளமாகப் போதும்.

இப்போது கடற்கரையில் எச்சரிக்கைக் கோபுரம் ஒன்று நிற்கத்தான் செய்கிறது. அப்துல் ஸமட் அதை நம்புவதில்லை. "அதுக்கும் ஆரோ ஒருத்தன் எங்கேயோ இருந்து சொல்லோணும்" என்பார்.

ஆகவே அவள் கெஞ்சிக் கூத்தாடி கொழும்புத் திணைக்களம் ஒன்றிடம் பழைய கருவியொன்றை இரவல் வாங்கினாள். சோற்றுச் சட்டி அளவு இருக்கும். கடற்கரை மணலில் வைத்தால் பஸ் போவதெல்லாம் பூகம்பம்தான், கல்லில் வைக்கவேண்டும். இறக்காமத்தில் வாப்பாவின் வயல் மூலையில் ஒரு பாறை படுத்துக் கிடந்தது. அதில் குழி பொளிந்து, சீமெந்து பூசி, கருவியை இறக்கி, இரும்பு மூடி போட்டு, பக்கத்தில் சூரியத் தகடும் கார் பற்றறியும் வைத்தாள். தம்பி அஸ்கி சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பதிவு அட்டையை மாற்றி வருவான்.

கருவி எல்லாவற்றையும் எழுதியது. மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் இத்தனை மைல் உள்ளே கிடக்கும் பாறை அதற்கும் நடுங்கியது. தென்னமெரிக்காவில் ஒரு மலை அசைந்தால், அந்த அசைவு பூமியின் நடுவிலே உருகிக் கிடக்கும் இரும்பைத் துளைத்துக்கொண்டு வந்து வாப்பாவின் வரப்பில் ஏறியது. இதை அவள் சொன்னபோது அப்துல் ஸமட் காலடி மண்ணைப் பார்த்தார்.

"உருகின இரும்புக்கு மேலயா மகள் நாம வீடு கட்டி இரிக்கம்?"

"அது சரியான ஆழம் வாப்பா."

"கடலும் தூரத்துலதான் இரிந்திச்சி" என்றார்.

தூரத்துப் பூகம்பங்கள் கொழும்புக்கு வேண்டியதில்லை. அதைப் பதிய வேறு இடங்களில் கருவிகள் இருக்கின்றன. இங்கேயே நிலம் அசைகிறது என்று காட்டினால்தான் இங்கே நிலையம் கிடைக்கும். அங்கேதான் தொல்லை. பாறையிலிருந்து அறுநூறு மீற்றர் தள்ளி ஒரு கல் குவாரி. பகலில் கல் வெடி. இரவெல்லாம் வயலுக்குள் வரும் ஆனைகளை விரட்ட விவசாயிகள் போடும் ஆனை வெடி. இடையில் உழவு மெசின், அறுவடை மெசின், நெல்லு லொறி. இந்தச் சந்தைக்கடையில் பூமி முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்?

குவாரிக்குப் போய்க் கிளாக்கர் ஷரிபுதீனிடம் வெடி வைக்கும் நேரங்களைக் கேட்டாள். நல்ல மனிதர், தாளில் எழுதியே கொடுத்தார். திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு. வெள்ளிக்கிழமையை அவரும் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் அந்தப் பகுதியில் ஒரு சைக்கிள் ஓடாது. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் அடுப்படியில், வயல் வெறிச்சென்று கிடக்கும். பிறந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை பகலை அப்படித்தான் அவள் அறிந்திருக்கிறாள்.

அதனால் அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. அதைக் கண்டபோது துள்ளிக் குதிக்காத குறை. குவாரி நேரம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டாள். இரவுகளையும், மெசின்களும் லொறிகளும் ஓடும் மிச்சப் பகல்களையும் தள்ளினாள். மிச்சம் வந்தது வாரத்தில் ஒரேயொரு சுத்தமான மணித்தியாலம்: வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றேகால் வரை. மனிதன் வாயை மூடும் நேரம். அந்த நேரத்தில் கருவி எதை எழுதினாலும் அது பூமியின் சொந்தப் பேச்சு.

எழுதியிருந்தது. பதினான்கு மாதத்தில் பதினேழு நடுக்கங்கள். சில வெள்ளிகளில் ஒன்றுமில்லை, சில வெள்ளிகளில் இரண்டு. வாரத்தில் ஒரு மணித்தியாலத்திலேயே இவ்வளவு என்றால் மிச்ச நூற்று அறுபத்தேழு மணித்தியாலத்தில் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டாள். அந்தக் கணக்குத்தான் கொழும்பை எழுந்து உட்கார வைத்தது.

பூமிக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா என்று அவள் ஒருதரம் தன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் செய்தாள், பூமிக்குத் தெரியாது, எங்கள் காதுக்குத்தான் அன்றைக்குக் கேட்கிறது என்று பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள். இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. வெடி என்றால் எல்லாப் பக்கமும் தள்ளும், ஆகவே கருவியில் முதல் அசைவு எப்போதும் மேலே போகும். நிலநடுக்கம் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். மேலேயும் போகும், கீழேயும் போகும். அவளுடைய பதினேழும் மேலேதான் போயின. ஒரே பிளவு, நாங்கள் அதற்கு ஒரே பக்கம், வேறு எப்படிப் போகும் என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஆசை வந்தவள் அடிக்குறிப்பு எழுதுவாள், வேறென்ன செய்வாள்.

ஊருக்கும் விஷயம் பரவியது. ஜும்ஆ நேரத்தில் நிலம் நடுங்குகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஜும்ஆவில் ஓதும் குத்பாப் பிரசங்கத்தில் அது வந்தது. குத்பா முடிய வந்து சேரும் இளசுகள்கூடப் பாங்குக்கு முன்னே வந்து முதல் வரிசையில் குந்தினார்கள். பள்ளி நிர்வாகம் நிலையம் வேண்டுமென்று நானூறு கையெழுத்து வாங்கி அனுப்பியது. அப்துல் ஸமட் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

குழு வரவிருந்த செவ்வாய்க்கு முந்திய வெள்ளிக்கிழமை அஸ்கிக்குக் காய்ச்சல். அறிக்கைக்குப் பாறையின் படங்கள் வேண்டியிருந்தன. பகல் வெளிச்சத்தில் வேண்டியிருந்தன. ஹிமாயா காலையிலேயே கறியைச் சமைத்து மூடிவைத்துவிட்டு ஒரு ஆட்டோவில் இறக்காமம் போனாள். ஆட்டோக்காரன் பன்னிரண்டு மணிக்கு அவளை வயல் மூலையில் இறக்கிவிட்டு ஜும்ஆவுக்குப் பறந்தான். அவள் வாழ்நாளில் அந்த நேரத்தில் அந்த வயலில் நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் நினைத்தபடியே எல்லாம் அமைதி. கொக்குகள் மட்டும் நின்றன. மூடியைத் திறந்து படமெடுத்தாள், மடிக்கணினியைப் பதிவுக் கருவியோடு தொடுத்துக் கோடு நேராக ஓடுவதைப் பார்த்தாள். அப்போது விசில் சத்தம் கேட்டது. குவாரிப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு வரப்பால் ஓடி வந்தார்.

"மிஸ்! மிஸ்! அங்கால போங்க! வெடி வைக்கப் போறம்!"

நாற்பது வயதிருக்கும். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

"ஓம் மிஸ், அதான். கெதியா அந்தக் கல்லுக்குப் பின்னால இரிங்க."

இருந்தாள். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் பாறை அவள் தொடையின் கீழே ஒருதரம் உதைத்தது. மடிக்கணினியில் கோடு மேலே எழுந்தது, பிறகு ஆடியது, பிறகு அடங்கியது. பதினேழு தரம் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான வடிவம். தன் பிள்ளையின் முகத்தை அடுத்த வீட்டுக்காரனின் தோளுக்கு மேலே கண்டதுபோல் இருந்தது அவளுக்கு.

தூசி அடங்கியதும் அந்த மனிதர் திரும்பி வந்தார். பெயர் நிரோசன், ஊர் காரைதீவு.

"எப்ப இருந்து வெள்ளிக்கிழமை வைக்கிறீங்க?"

"ரெண்டு வருசமா மிஸ். முந்தி ஒருக்கா கல்லுப் பறந்து, வரம்பில நிண்ட வயசாளி ஒராளுக்குக் கால் போய்ற்று. அதுக்குப் பிறகு பெரிய வெடியெல்லாம் ஜும்ஆ நேரந்தான். வயல்ல ஒரு சனம் இரிக்காது, பயமில்ல. நம்மட ஆக்கள் நாலு பேர்தான் வேலைக்கு நிப்பம். கிளாக்கருக்கு வெள்ளி லீவு, அவர்ர தாள்ல இது ஏறாது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன, மிஸ்."

ஒவ்வொரு பெரிய வெடியையும் முதலாளிக்கு அனுப்புவதற்காகப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். ஹிமாயா கேட்டு வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திகதி, நேரம். மார்ச் ஏழு, பன்னிரண்டு நாற்பத்தொன்று. ஏப்ரல் பதினொன்று, பன்னிரண்டு இருபத்தொன்பது. அவளுக்குத் தன் பட்டியலை எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பதினேழும் இருந்தன.

ஒருவன் கெட்டவனாக இருந்தால் ஏசிவிட்டுப் போகலாம். இங்கே எல்லாரும் நல்லவர்கள். ஒரு வயசாளியின் காலுக்காக இரக்கப்பட்டு நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். இந்த மண்ணில் தொழப் போகாத ஆட்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்தவள் அவள்தான். காரைதீவுக்கும் கல்முனைக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாள்.

"இது என்ன மிஸ் குழிக்குள்ள?" என்று நிரோசன் கேட்டார்.

சொன்னாள். சுனாமியையும் சொன்னாள். அவர் கொடியைச் சுருட்டினார்.

"எங்கட வீட்டில மூணு பேர் மிஸ். அம்மாவும் தங்கச்சிமார் ரெண்டு பேரும்." பிறகு சொன்னார், "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, வேற நாள் வைச்சிருப்பமே."

அன்று வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பதினேழுமா?"

"பதினேழும்தான் வாப்பா."

"கொழும்புக்காரனுகளுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியா."

அப்துல் ஸமட் அலுமாரிக்கு மேலே ஒருதரம் பார்த்தார். பொய் சொல்லாத மனிதர். நாற்பது வருடம் நெல் விற்றும் ஒரு மரைக்கால் குறைத்து அளக்காதவர். அவர் மெதுவாக, பிச்சை கேட்கிற குரலில் சொன்னார்.

"வந்து வைக்கட்டுமே மகள். கணக்குப் பொய்யெண்டாலும் மிசின் மெய்தானே. கடல் வரக்குள்ள அது மெய்தானே சொல்லும்."

அவளும் இரவு முழுக்க அதையேதான் நினைத்திருந்தாள். ஆனால் கொழும்பில் கண் தெரிந்த முதல் ஆள் அந்தப் பதினேழையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவான். பிறகு இந்தக் கரையிலிருந்து எவள் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அதைவிட மோசம், ஊர் சிரிக்கும். ஒருதரம் வெறுமனே ஓடிய சனம் மறுதரம் ஓடாது.

"ஏலா வாப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் அனுப்பினாள். திங்கட்கிழமை பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, குழுவின் வருகை இரத்து, இரவல் கருவியை மூன்று வாரத்துக்குள் ஒப்படைக்கவும். பல்கலைக்கழகத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். தேத்தண்ணிக் கடையில் அப்படி இல்லை. "டீச்சர்ட பூமி இந்தக் கிழமை ஜும்ஆவுக்கு வரல்லயாம்" என்று சொல்லிச் சிரித்ததை அஸ்கி கேட்டுவிட்டு வந்து சோற்றைத் தள்ளிவைத்தான். பள்ளியில் முதல் வரிசை பழையபடி காலியானது.

கருவியைக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, செய்ய ஒன்றுமில்லாததால், அவள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்ட குவியலைத் திறந்தாள். குவாரி நேரத்துப் பதிவுகள், எண்ணூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேலே, மேலே, மேலே. எல்லாம் வெடி. நான்காம் நாள், அறுநூற்றுப் பன்னிரண்டாவது பதிவில் கோடு கீழே போனது.

பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பத்திரண்டு. முதல் அலை கீழே இழுத்தது. இரண்டாவது அலை தாமதித்து, பெரிதாக வந்தது. அந்தத் தாமதத்தை அளந்து, அலை வந்த தூரத்தைக் கணக்கிட்டாள்: பன்னிரண்டு கிலோமீற்றர். குவாரி அறுநூறு மீற்றர். சந்தேகமேயில்லை. பூமி பேசியிருக்கிறது, ஒரே ஒருதரம், வெடிச் சத்தங்களுக்கு நடுவில். அதை நேரத்தைப் பார்த்துக் குப்பையில் போட்டவள் அவள். மிச்சத்தையும் பார்த்து முடித்தாள். வேறு இல்லை.

அனுப்பினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரேயொரு நிலையத்தின் ஒற்றைப் பதிவு, முன்னைய தவறுகளையும் கருத்திற்கொண்டு, பரிசீலனைக்கு எடுக்கப்படமாட்டாது. அதை எழுதியவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய மாணவன் கொண்டு வந்திருந்தால் அவளும் அதைத்தான் எழுதியிருப்பாள்.

அஸ்கியும் அவளுமாகப் போய்க் கருவியைத் தூக்கினார்கள். நிரோசன் வந்து மூடியைப் பிடித்தார். அடுத்த மழையில் குழி நிறைந்து தவளைகள் குடியேறின என்று பிறகு கேள்விப்பட்டாள்.

கருவி கொழும்புக்குப் போன அன்று அவள் சோபாவில் அந்த ஒற்றை அலையின் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வாப்பா வந்து பக்கத்தில் நின்றார். கோட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அது விளங்காது.

"இந்த ஒண்டு?" என்றார். "இது மெய்யா மகள்?"

"மெய் வாப்பா."

"வேற ஆரும் நம்ப மாட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க சொன்னா எனக்குச் சரி" என்றார் அப்துல் ஸமட்.

கதிரையை இழுத்துப் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, அலுமாரிக்கு மேலே கைவிட்டுத் துழாவி, பையை இறக்கினார். அதில் ஒரு மாதத் தூசி. சாரத்தின் நுனியால் துடைத்து, டோர்ச்சை எரித்துப் பார்த்து, றாபியாவின் படத்தை எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

ஹிமாயா எழுந்துபோய்த் தன் கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையை எடுத்து வந்து, அவர் விரித்துப் பிடித்திருந்த பைக்குள், உம்மாவின் படத்துக்குப் பக்கத்தில், தன் கையாலேயே வைத்தாள்.